ஆற்றில் கூட்டம், ஏறி இறங்கும் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகு விட, மீன் பிடிக்க, குளிக்க, கரையில் கூடாரம் போட என்று ஆற்றுக்கு வருகிறவர்கள் கூட்டம் கூடும்போது என்ன செய்கிறார்கள்? தண்ணீர் ஏறி இறங்கும்போது எப்படி மாறுகிறார்கள்? ஆற்றுத் துறைகளைப் பராமரிப்பவர்கள், பயணக் குழுக்களை நடத்துபவர்கள், சொந்தமாகத் துடுப்பு பிடிப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

நெரிசல் என்பது ஆள் எண்ணிக்கைதானே? எண்ணிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை படகு என்பது அடர்த்தி. அதை யாரும் எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை, தான் வந்த காரியத்தைக் கெடுக்கிறது என்று ஒருவர் நினைத்தால்தான் அது நெரிசல். டயர் டியூபில் மிதந்துபோகும் பத்துப் பேருக்கு அக்கம்பக்கத்தில் இன்னும் முப்பது பேர் இருந்தால் கொண்டாட்டம். அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நிற்பவருக்கு அந்த நாற்பது பேரும் அன்றைய நாளையே பாழாக்கியவர்கள். அடர்த்தி இருவருக்கும் ஒன்றுதான். அதனால் ஆளை எண்ணுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எதற்காக வந்தார், எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்தார், எதைக் கண்டார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, அந்த உணர்வை எப்படி அளப்பது?

மிக அதிகமாகப் புழங்குவது 1 முதல் 9 வரையிலான அளவுகோல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓடும் ப்ரூல் ஆற்றில் ஆய்வு செய்து, ஹெபர்லின், வாஸ்கே என்ற ஆய்வாளர்கள் 1977ல் இதை முன்வைத்தார்கள். 1, 2 என்றால் நெரிசலே இல்லை. 3, 4 என்றால் கொஞ்சம். 5 முதல் 7 வரை நடுத்தரம். 8, 9 என்றால் மிகக் கடுமையான நெரிசல். ஒன்பது படிகளில் இரண்டு மட்டுமே 'இல்லை' என்பதற்கு ஒதுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. மனிதர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். லேசான உறுத்தலையும் பிடிக்கும்படி அளவுகோலை வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது. 3 அல்லது அதற்கு மேல் சொன்னவர்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 50 முதல் 65 வரை வந்தால் அந்த ஆறு தன் எல்லையை நெருங்குகிறது, இப்போதே திட்டமிட வேண்டும். 65ஐத் தாண்டினால் ஆறு தாங்கும் அளவைக் கூட்டம் மீறிவிட்டது. 80க்கு மேல் போனால் அங்கே நடப்பது வேறு வகையான பொழுதுபோக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 35க்குக் கீழே வந்தாலும் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அனுமதிச் சீட்டோ தொலைவோ வேறு ஏதோ ஒன்றோ கூட்டத்தை அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். அது என்ன என்று கண்டுபிடியுங்கள்.

கணக்கெடுப்பு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் கெடுகிறது:

- ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் கேட்பது. வார நாட்களையும் காலை, மாலை இரண்டையும் பிரித்து எடுங்கள்.
- 'பயணம் முழுவதும் எப்படி இருந்தது?' என்ற ஒற்றைக் கேள்வி. படகு இறக்கும் துறை, பாய்ச்சல்கள் (பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடங்கள்), மதியம் ஒதுங்கும் மணல்திட்டு, இரவு தங்கும் கரை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். துறையில் 9 சொன்னவர் ஆற்றின் நடுவில் 2 சொல்வது சாதாரணம்.
- குழுத் தலைவரை மட்டும் கேட்பது. அவர் அந்த நாளைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவர் வாயிலிருந்து குறை வராது.

கூட்டம் இரண்டு மடங்காகியும் வருகிறவர்கள் 'திருப்தி' என்றே சொல்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை இல்லையே?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பல ஆறுகள் கெட்டுப்போனது இந்த ஒரு தவறான முடிவால்.

அமெரிக்காவில் ஓடும் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1967ல் படகில் போனவர்கள் ஏறத்தாழ 2,100 பேர். 1972ல் அது 16,000ஐத் தாண்டியது. அந்தப் பத்தாண்டில் அங்கே நடந்த ஆய்வுகளில், ஒரு பயணத்தில் எத்தனை படகுகள் எதிர்ப்பட்டன என்பதற்கும் பயணியின் திருப்திக்கும் கிட்டத்தட்டத் தொடர்பே தெரியவில்லை. இதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, திருப்தி பல ஊற்றுகளிலிருந்து வருகிறது. கூட வந்தவர்கள், வானிலை, பாறைச் சுவர்கள், சாப்பாடு என எல்லாம் சேர்ந்த உணர்வில் கூட்டத்தின் பங்கு கரைந்துவிடும். இரண்டாவது, பணமும் விடுப்பும் செலவழித்து வந்தவர் தன் முடிவு தவறு என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாவது, முதல் முறை வருகிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. நாற்பது படகு எதிர்ப்பட்டால் 'இங்கே இப்படித்தான் போல' என்று எடுத்துக்கொள்வார்.

நான்காவது காரணம்தான் கவலைப்பட வேண்டியது. கூட்டம் பிடிக்காதவர் அங்கே இல்லை. அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். துறையில் நின்று கேட்பவருக்கு, எஞ்சியிருப்பவர்களின் குரல் மட்டுமே கேட்கும். ஆறு தன் ஆட்களை மாற்றிக்கொண்டே போகும், திருப்தி எண் அப்படியே இருக்கும்.

போனவர்கள் எங்கே போகிறார்கள்?

முதலில் நேரத்தை மாற்றுகிறார்கள். சனிக்கிழமை வந்தவர் செவ்வாய்க்கு மாறுவார், பத்து மணிக்கு இறங்கியவர் விடியற்காலைக்கு மாறுவார், கோடையில் வந்தவர் குளிர் தொடங்கியபின் வருவார். அடுத்து அதே ஆற்றில் இடத்தை மாற்றுகிறார்கள். மேலே ஒரு துறை, கீழே ஒரு கிளை, நடந்துதான் போக முடிகிற ஒரு மடு. அதுவும் நிறைந்தபின்தான் ஆற்றையே விடுகிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் க்ராய் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கூட்டம் தாங்காமல் மேல் மிசிசிப்பிக்கு மாறியவர்களைப் பற்றி 1981ல் ஓர் ஆய்வு வந்தது. அடர்த்தியை அதிகம் பொருட்படுத்துபவர்களே அப்படி மாறியிருந்தார்கள்.

இடம்பெயர்வு எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. வார நாளில் விடுப்பு எடுக்க முடியாதவர், தூரத்து ஆற்றுக்குப் போக வண்டி இல்லாதவர், சக்கர நாற்காலி இறங்கும் ஒரே துறையை நம்பியிருப்பவர் ஆகியோர் மாற்றிக்கொள்ள வழியில்லாமல் நெரிசலிலேயே இருப்பார்கள், இல்லையென்றால் ஆற்றையே மறந்துவிடுவார்கள்.

வராமல் போனவர்களை எப்படிக் கண்டுபிடித்துக் கேட்பது?

பழைய பட்டியல்களில் தொடங்குங்கள்: ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய அனுமதிச் சீட்டுகள், மீன்பிடி உரிமங்கள், படகுச் சங்க உறுப்பினர் பதிவேடுகள். அதிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பெயர்களை எடுங்கள். இந்தப் பகுதிக்குக் கடைசியாக எந்த ஆண்டு வந்தீர்கள், இப்போது எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள். வராததற்கு என்ன காரணம் என்பதைத் திறந்த கேள்வியாக விடுங்கள். நெரிசல் என்ற சொல்லை நீங்களே முதலில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வயது, முட்டிவலி, குழந்தை பிறப்பு என்று வேறு காரணங்களும் வரும். அவற்றைப் பிரித்தபின் மிஞ்சுவதுதான் கூட்டத்தால் போனவர்களின் கணக்கு.

துறையில் நடத்தும் வழக்கமான கணக்கெடுப்பிலும் ஒரு வரி சேருங்கள்: 'கூட்டத்தைத் தவிர்க்க உங்கள் பயண நாளையோ நேரத்தையோ இடத்தையோ மாற்றினீர்களா?' மிகவும் மலிவான எச்சரிக்கை மணி இது.

வெளியேறாமல் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பெரும்பாலும் மனதுக்குள். ஒரு வழி, நடந்ததைச் சரி என்று தனக்குச் சொல்லிக்கொள்வது. இன்னொன்று, அந்த ஆறு எப்படிப்பட்டது என்ற வரையறையையே மாற்றிக்கொள்வது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்து ரோக் ஆற்றில் 1977ல் பயணித்தவர்களை 1984ல் மறுபடி கேட்டபோது இந்த இரண்டாவது வகை தெரிந்தது. முன்பு மனித நடமாட்டமற்ற காட்டாறு என்று அதை நினைத்தவர்களில் ஒரு பகுதியினர், பிற்பாடு ஓரளவு ஆள் புழங்கும் ஆறு என்று கருதினார்கள். வரையறை இறங்கியதும் எதிர்பார்ப்பும் கூடவே இறங்கிவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது, அதை எந்தத் திருப்திப் படிவமும் பதிவு செய்யாது.

இதனால்தான் அளவீட்டை முதல் ஆண்டிலேயே தொடங்கச் சொல்கிறோம். பத்து ஆண்டு கழித்துத் தொடங்கினால், தேய்ந்துபோன ஆறே உங்கள் அளவுகோலின் பூஜ்யமாகிவிடும்.

மோட்டார் படகுக்காரர்களுக்குத் துடுப்புப் படகில் வரும் எங்களால் தொந்தரவு இல்லையாம். எங்களுக்கு ஏன் அவர்களால் தொந்தரவு?

இந்த உரசல் பெரும்பாலும் ஒருதலையானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடி ஏரிப் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் நடந்த ஆய்விலேயே இது தெளிவாகிவிட்டது. துடுப்புப் படகுக்காரர்கள் மோட்டார் படகை வெறுத்தார்கள். மோட்டார் படகுக்காரர்களுக்கோ துடுப்புப் படகைப் பார்ப்பதில் எந்தச் சங்கடமும் இல்லை. அமைதியைத் தேடி வந்தவரின் நோக்கத்தை ஓர் எஞ்சின் கெடுத்துவிடும், எதிர்த்திசையில் அப்படிக் கெடுப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே இரு தரப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிரச்சினை மறைந்துபோகும். வகைவாரியாகப் பிரித்தே எண்களைப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை படகு என்று எப்படி முடிவு செய்வது?

பயணிகளிடம் 'ஒரு நாளில் வேறு குழுக்கள் 0, 2, 4, 6, 10, 15, 20 முறை எதிர்ப்பட்டால், ஒவ்வொன்றும் உங்களுக்கு ஏற்புடையதா?' என்று கேளுங்கள். ஏற்பு, மறுப்பாக மாறும் புள்ளி எங்கே என்று பாருங்கள். அதோடு எத்தனை பேர் அந்தப் புள்ளியில் ஒத்துப்போகிறார்கள் என்பதும் முக்கியம். இரவு தங்குமிடத்தில் அடுத்த குழுவின் பேச்சுச் சத்தம் கேட்கக்கூடாது என்பதில் பொதுவாக ஒற்றுமை அதிகம். படகு இறக்கும் துறையில் கருத்துகள் சிதறிக் கிடக்கும், ஏனென்றால் அங்கே கூட்டம் இருக்கும் என்று எல்லாருமே எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள்.

ஆனால் நாள் மொத்த எண்ணிக்கையைவிட, படகுகள் எந்த இடைவெளியில் இறங்குகின்றன என்பதே பெரும்பாலும் பயணத்தின் தலைவிதி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குறுகிய பாய்ச்சல் ஒன்றை ஒரு படகு கடந்து, அடுத்ததற்குப் பாதுகாப்பாக வழிவிட 4 நிமிடம் ஆகிறது. மணிக்கு 15 படகுதான் அந்த வாயில் வழியே போக முடியும். காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் 3 நிமிடத்துக்கு ஒன்றாக 20 படகு வந்தால், கடைசிப் படகு ஏறத்தாழ 20 நிமிடம் கரையோரம் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். அதே 20 படகை 15 நிமிட இடைவெளியில் ஐந்து மணி நேரத்துக்குப் பரப்பினால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, பலருக்கு முன்னால் போகும் படகு கண்ணிலேயே படாது. அந்த நாளின் மொத்தத்தில் ஒரு படகைக்கூடக் குறைக்கவில்லை.

காத்திருப்பதில் அலுப்பைவிடப் பெரிய ஆபத்து உண்டு. பின்னால் வரிசை நிற்கிறது என்ற அழுத்தத்தில் பலர் பாய்ச்சலை மேலிருந்து நோட்டம் பார்க்காமலே இறங்குகிறார்கள். முன்படகு கவிழ்ந்து ஆள் நீந்திக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து மோதுவது அப்படித்தான்.

தண்ணீர் கூடினால் கூட்டம் குறையுமா?

சில சமயம் குறையும், சில சமயம் இருக்கிற கூட்டமே இன்னும் நெருக்கும். நீர்வரத்துக்கும் பயணத்தின் தரத்துக்கும் உள்ள உறவை வரைந்தால் விரித்த குடை போல நடுவில் உயர்ந்த வடிவம் வரும். குறைந்த நீரில் படகு பாறையில் உரசும், இறங்கித் தள்ள வேண்டும், நான்கு மணி நேரப் பயணம் ஏழு மணி நேரமாகும். நடுவில் ஒரு நல்ல எல்லை. அதற்கும் மேல் போனால் அபாயம் ஏறி, தரம் சரியும்.

அந்த உச்சி ஆளுக்கு ஆள் வேறு. கிராண்ட் கேன்யனில் பெரிய ரப்பர் படகில் போகிறவர்கள் விரும்புவது வினாடிக்கு ஏறத்தாழ 30,000 கன அடியை ஒட்டிய சீரான நீர் என்று 1980களில் கணக்கிட்டார்கள். தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடுகிறவர் எந்த ஆற்றிலும் அந்த ஆற்றின் படகுக்காரர் கேட்பதைவிட மிகக் குறைந்த நீரையே கேட்பார்.

நெருக்குவது எப்படி என்றால், நீர் ஏறும்போது மணல்திட்டுகள் முழுகும். பன்னிரண்டு தங்குமிடங்களில் ஐந்துதான் மிஞ்சும், ஆனால் அனுமதி பெற்ற குழுக்கள் பன்னிரண்டும் ஆற்றில்தான் இருக்கும். நீர் இறங்கும்போது படகுகள் எல்லாம் ஆழமான ஒரே வாய்க்காலில் ஒண்டும், உரசி நின்ற படகுக்குப் பின்னால் வரிசை நீளும். கிராண்ட் கேன்யனில் நிரந்தரமான ஒரு பிரச்சினையும் உண்டு. மேலே 1963ல் நீர் தேக்கத் தொடங்கிய க்ளென் கேன்யன் அணை வண்டலைத் தடுத்துவிட்டதால், கரை மணல் அரித்துத் தங்குமிடங்களே சுருங்கின. ஆகவே 'ஒரு நாளைக்கு இத்தனை' என்ற ஒற்றை வரம்பு போதாது. நீர்மட்டத்தை மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தங்குமிடம் மிஞ்சும் என்று நேரில் நடந்து எண்ணி, வரம்பையும் மூன்றாக வையுங்கள்.

நீர்வரத்து பற்றிய விருப்பத்தைப் பயணிகளிடம் எப்படிக் கேட்பது?

'இன்றைய தண்ணீர் நன்றாக இருந்ததா?' என்று மட்டும் கேட்டால் எந்த நாளிலும் 'நன்று' என்றே வரும். இரண்டு வழிகள் பயன் தரும். குறைந்தது ஐந்தாறு நீர்மட்டங்களில் ஒரே இடத்தை ஒரே கோணத்தில் படமெடுத்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் −3 முதல் +3 வரை மதிப்பெண் வாங்குங்கள். அல்லது பல ஆண்டுகளாக அந்த ஆற்றை ஓட்டுகிறவர்களிடம் மட்டும் குறைந்தபட்சம், உகந்தது, அதிகபட்சம் என்று மூன்று எண் கேளுங்கள். எதுவானாலும் தேதியோடு மணியையும் குறித்தால்தான் நீரளவு மானியின் பதிவோடு பொருத்த முடியும். அணையில் நீர் விடும் ஆற்றில், காலை பத்தும் மாலை நான்கும் இரண்டு வேறு ஆறுகள்.

மழை பெய்தாலும் அணை திறந்தாலும் ஏன் பலர் பயணத்தைக் கைவிடுவதில்லை?

வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதால். பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று, பத்துப் பேரைக் கூட்டிவந்தாயிற்று. கரையில் நின்று முடிவெடுக்கும் மனம் ஏற்கெனவே ஆற்றில் இறங்கிவிட்ட மனம். அதனால் முடிவை வீட்டிலேயே எண்ணாக எழுதி வையுங்கள்: 'இந்த மானியில் இதற்கு மேல் இருந்தால் இறங்க மாட்டோம்.'

துறையில் செய்ய வேண்டியவை சில. நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சி நீருக்குள் போயிருந்தால் ஆறு ஏறுகிறது. தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் நடு ஓட்டத்தில் வருவது, மணலில் நுரைக்கோடு நகர்வது ஆகியவையும் அதையே சொல்கின்றன. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நேற்று நடந்து கடந்த இடம் என்ற தைரியம் இன்று உதவாது.

பலர் தவறவிடும் ஒன்று: மேலே நீர் ஏறினால், அந்த ஏற்றம் தண்ணீரைவிட வேகமாகக் கீழே வரும், பொதுவாக ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மிதக்கும் இலை வர நான்கு மணி நேரம் ஆகும் தூரத்துக்கு, ஏற்றம் மூன்று மணிக்கும் குறைவாகவே எடுக்கும். இலைக் கணக்கை நம்பி மணல்திட்டில் சமையலைத் தொடங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

குளிர்ந்த நீரானால் இன்னொரு கணக்கும் உண்டு. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சை அடக்கியாள வேண்டும். அதன்பின் கைகால் நம் சொல் கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட்டின் வார் தளர்ந்திருந்தால் இந்தக் கணக்கு முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது கட்டியதாகாது.

காட்டுத்தீப் புகை, நச்சுப்பாசி போன்றவை வந்தால்?

ஆட்கள் நடந்துகொள்ளும் விதம் கூட்டத்தில் கண்டதுதான்: முதலில் பயண நாளை மாற்றுவார்கள், பிறகு இடத்தை. ஒரு பகுதியை மூடினால் அடுத்த ஆற்றின் துறையில் அதே வாரமே கூட்டம் ஏறும். மூடும் அறிவிப்பை அக்கம்பக்கத்து ஆறுகளின் பொறுப்பாளர்களுக்கும் அன்றே அனுப்புங்கள்.

அனுமதிச் சீட்டு முறை வைத்தால் எல்லாம் சரியாகுமா?

அது கடைசி ஆயுதம். அதற்கும் விலை உண்டு. கிராண்ட் கேன்யனில் பயணங்களை 1972ன் அளவில் நிறுத்திவைத்தார்கள். சொந்தமாகப் படகு ஓட்டுகிறவர்களின் காத்திருப்புப் பட்டியல் நாளடைவில் பல ஆண்டுக் கணக்கில் நீண்டது. 2006ன் மேலாண்மைத் திட்டம் அதை எடுத்துவிட்டுக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. வணிகக் குழுவுக்கு 32 பேர், சொந்தக் குழுவுக்கு 16 பேர் என்று உச்ச வரம்பும் வைத்தது.

அதற்கு முன் செய்யக்கூடியவை: இறங்கும் நேரத்தைப் பரப்புவது, குழு அளவைக் குறைப்பது, வண்டி நிறுத்துமிடத்தைப் பெரிதாக்காமல் இருப்பது. மூன்றாவது பலருக்குப் பிடிக்காது. ஆனால் இருபது வண்டிக்கான இடத்தை அறுபதாக்கினால் நீங்கள் வரம்பை மூன்று மடங்காக்கிவிட்டீர்கள், யாரிடமும் கேட்காமலே.

தகவல் பலகையும் உதவும், கவனமாகக் கையாண்டால். 'சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை துறை நிறைந்திருக்கும்' என்பது நல்ல அறிவிப்பு. 'அமைதி வேண்டுமென்றால் மேல்துறைக்குப் போங்கள்' என்று எழுதாதீர்கள். இடம்பெயர்ந்தவர்களின் கடைசி ஒதுக்கிடம் அதுதான்.

பயணியாக நான் என்ன செய்யலாம்?

துறையில் படகைத் தண்ணீரோரம் வைத்துவிட்டுச் சாமான் கட்டாதீர்கள். கரைமேல் கட்டி முடித்து, ஐந்து நிமிடத்தில் இறக்கி நகருங்கள். முன்படகு கண்ணில் படாத தூரம் வரை பொறுங்கள். பாய்ச்சலுக்கு மேலே மட்டும் விதிவிலக்கு: முன்படகு கீழே பத்திரமாக ஒதுங்கியதைப் பார்த்தபின்தான் இறங்க வேண்டும். தூண்டில்காரர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்க்கரையை ஒட்டி, துடுப்பைத் தூக்கிப்பிடித்து, சத்தமில்லாமல் கடந்துபோங்கள். பெரிய தங்குமிடத்தைப் பெரிய குழுவுக்கு விடுங்கள். ஒருவேளை இனி இந்த ஆற்றுக்கு வருவதில்லை என்று முடிவெடுத்தால், அதையும் காரணத்தையும் ஆற்றின் பொறுப்பாளருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள்.